மூன்று வேளைக் கும்பிடு

"முழங்கையை மடக்காதீங்க. கையை முன்னால நீட்டி, இடது கையால விரல்களைப் பின்னால இழுங்க. இறுக்கமா இருந்தாலும் பதினஞ்சு எண்ணுற வரைக்கும் விடக் கூடாது."

பிசியோதெரபி அம்மா சொன்னபடியே சின்னவள் இழுத்தாள். உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் விடவில்லை. இருபத்திரண்டு வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை அது. இப்போது கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப் போகிறது. போன வாரம் ஒரு பெண்ணின் காதருகே கத்தரி நழுவியதும் ஆடிப்போய்விட்டாள். ஆறு வாரம் பயிற்சி, சரிவராவிட்டால் அறுவை சிகிச்சை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"பிடிவாதக்காரிதான் நீங்க. பாதிப் பேர் பத்து எண்ணுறதுக்குள்ள கையை உதறிடுவாங்க."

"பிடிவாதத்துல எங்க வீட்டுல நான் ரெண்டாவதுதாங்க," என்றாள் சின்னவள்.

முதலாவது அவளுடைய அக்கா. இரண்டு பேரும் ஒரே பார்லரில், ஒரே கண்ணாடி முன்னால் நின்று முடி வெட்டியவர்கள்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, "உனக்குக் கத்தரி பிடிக்கவே தெரியலடி" என்று அக்கா ஒரு வார்த்தை விட்டாள். சின்னவள் அன்றைக்கே சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, எதிர்வரிசையில் தனிக்கடை போட்டாள். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாலொழிய அக்காவோடு பேச்சில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியும் வைத்தாள்.

அந்த அதிசயம் எட்டு நாளாக நடந்துகொண்டிருந்தது. காலை, மதியம், சாயங்காலம் என்று அக்கா தன் கடைக் கண்ணாடி ஜன்னலருகே வருவாள். தெருவைப் பார்த்து நின்று, மார்புக்கு நேரே கைகளைக் குவிப்பாள். குவித்த கை மெல்லத் தாழும். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள்.

"நீ கேட்டது கிடைச்சாச்சு. இன்னும் என்ன?" என்றார் சின்னவளின் கணவர், கடையில் துண்டு மடித்துக்கொண்டே.

"நேர்ல வந்து வாயால சொல்லட்டும்."

"ஒரு நாளைக்கு மூணு தடவை கும்பிடுறாங்க. சாமியையே நீ ரெண்டு தடவைதான் கும்பிடுற."

"ஊர் கேக்கத் திட்டினா இல்ல, ஊர் பாக்கக் கும்பிடட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லை என்றாளே தவிர, மூன்று வேளையும் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கத் தவறியதில்லை. அக்கா இல்லாத இந்த ஒன்றரை வருஷம் அவளுக்குச் சோறே இறங்கவில்லை என்பது துண்டு மடிப்பவருக்குத் தெரியாதா என்ன.

ஒன்பதாம் நாள் மதியம் கும்பிட்ட அக்காவின் முகம் சுளித்தது. கண்ணோரத்தை அவள் தோளில் துடைத்துக்கொண்டது அந்தக் குறுகிய தெருவில் நன்றாகவே தெரிந்தது. சின்னவள் தலையில் சாயம் பூசிய பெண்மணியை அப்படியே உட்கார வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினாள்.

அக்கா இன்னும் கும்பிட்டபடியே நின்றிருந்தாள்.

"போதும்க்கா. கையை எடு."

அக்கா கண்ணைத் திறந்தாள். "என்னடி சொல்ற?"

"இத்தனை நாள் கும்பிட்டது போதும்னு சொல்றேன். நான் மன்னிச்சுட்டேன்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். குவிந்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"என்னக்கா, மன்னிப்புக் கேட்டுத்தானே கும்பிட்ட?"

"ஆமாண்டி," என்றாள் அக்கா. "வேற எதுக்கு? நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ வந்தியே, அது போதும்."

சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாயம் காய்கிறது என்று எதிர்க்கடை வாசலிலிருந்து கணவர் கத்தியது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

மறுநாள் பயிற்சிக்கு வந்தவளின் நடையே மாறியிருந்தது.

"முகம் பளிச்சுனு இருக்கே. கைவலி குறைஞ்சுதா?" என்று கேட்டாள் பிசியோதெரபி அம்மா.

"கைவலி இருக்குதுங்க. மனசு வலிதான் போயிடுச்சு. எங்கக்கா இறங்கி வந்துட்டா. ஒம்பது நாள் அசையாம இருந்தேன், ஜெயிச்சுட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். சரி, இன்னைக்குப் புதுசா ஒண்ணு. முடி வெட்டுறவங்க யார் வந்தாலும் நான் இதைத்தான் முதல்ல சொல்லுவேன், உங்களுக்குக் கை ரொம்ப இறுகியிருந்ததால தள்ளிப் போட்டேன். ரெண்டு கையையும் மார்புக்கு நேரா குவிச்சு, கும்பிடுங்க. குவிச்ச கையை மெதுவா இறக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு வாய்க்குள்ளயே முப்பது வரைக்கும் எண்ணணும். தினம் மூணு வேளை."