மாப்பிள்ளைக்கு ஒரு டெஸ்ட்

"நாங்க கேட்டது காளான். இது உருளைக்கிழங்கு மாதிரி இருக்கே?" என்றாள் மகள்.

பரிமாற வந்தவர் தட்டைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பினார். போனவர் போனவர்தான்.

அம்மாவுக்குப் பசியில் முகம் வாடிவிட்டது. அப்பா மட்டும் உள்ளுக்குள் குஷியாக இருந்தார். எல்லாம் அவருடைய ஏற்பாடு.

டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி அவர். யாரையும் முதல் தடவையிலேயே பாஸ் போட்ட பாவத்துக்கு ஆளாகாதவர். ஆபீஸில் அவருக்கு 'மறுபடி வா' என்றே பெயர். சமதரையில் எவன் வேண்டுமானாலும் ஓட்டுவான், மேட்டில் வண்டியை நிறுத்தித் திரும்பக் கிளப்பச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும் என்பது அவர் கட்சி.

மகள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு இன்று கூட்டி வந்திருக்கும் பையனை மட்டும் சும்மா விட்டுவிடுவாரா?

தபாஸ் என்ற ஸ்பெயின் நாட்டுச் சாப்பாடு போடும் இந்த ஓட்டலின் மேனேஜர், அவரிடம் நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கியவர். காலையிலேயே அப்பா அவரைப் பிடித்து, "எங்க மேஜைக்கு மட்டும் இன்னைக்கு சர்வீஸ் படு மோசமா இருக்கணும். பையனுக்குப் பொறுமை இருக்கான்னு பார்க்கணும்" என்று சொல்லிவைத்திருந்தார். அதற்கென்றே ஒரு ஆளைப் போடுவதாக மேனேஜரும் ஒப்புக்கொண்டிருந்தார். சின்னச் சின்னத் தட்டாக, ஒவ்வொன்றாக வரும் சாப்பாடு. பொறுமையைச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் ஏது?

ஆலிவ் வந்தது, ரொட்டி வரவில்லை. ரொட்டி வந்தபோது ஆலிவ் தீர்ந்திருந்தது. தண்ணீர் கேட்டுக் கேட்டுத் தொண்டைதான் வறண்டது.

பையன் முகம் சுளிக்கவே இல்லை. கிண்ணத்தில் மிஞ்சிய ஒரே இறாலை, "நீங்க எடுத்துக்குங்க சார்" என்று அவர் பக்கம் நகர்த்தினான்.

'ம்ம், தேறுவான்' என்று நினைத்துக்கொண்டார் அப்பா.

பரிமாறுகிறவரையும் அவர் ரசித்துக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட அவர் வயதுதான் இருக்கும். தட்டைத் தூக்கும்போது அந்தக் கை நடுக்கம்தான் என்ன தத்ரூபம்! நாடகத்தில் நடித்த ஆள் போலிருக்கிறது.

அடுத்து வந்த கிண்ணம் சரிந்து, சூடான தக்காளிச் சாஸ் அத்தனையும் பையனின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

'அட, இதை நான் சொல்லவே இல்லையே!' என்று அப்பா மனதுக்குள் மேனேஜரை மெச்சினார்.

"பரவாயில்லைங்க, துவைச்சா போயிடும். உங்க கையில சுட்டுடலையே?" என்றான் பையன், பதறித் துடைக்க வந்தவரிடம்.

இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்தான் பாக்கி. மாமனார் கத்தினால் மாப்பிள்ளை ஒத்து ஊதுகிறானா என்று பார்க்க வேண்டும். அப்பா விருட்டென்று எழுந்தார்.

"என்னய்யா இது? தலை நரைச்சாச்சு, ஒரு கிண்ணத்தை நேராப் பிடிக்கத் தெரியலை! உனக்கெல்லாம் எதுக்குய்யா வேலை? வீட்டுல முடங்கிக் கிடக்க வேண்டியதுதானே!"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. பரிமாறியவருக்குக் கண் கலங்கியது. 'அடடா, கண்ணீர்கூட வரவழைக்கறாரே!' என்று அசந்துபோனார் அப்பா. போகும்போது மனிதருக்குத் தாராளமாக ஏதாவது கொடுத்துவிட வேண்டும்.

"விடுங்க சார். வேணும்னேவா செஞ்சாரு?" என்றான் பையன். குரல் உயரவில்லை, ஆனால் அழுத்தம் இருந்தது. சட்டையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அந்த மனிதரின் பின்னாலேயே போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பையன் பாஸ்! முதல் தடவையிலேயே பாஸ்! எல்லாம் நம்ம செட்டப்தான். அந்த ஆளும் நடிப்பு, நானும் நடிப்பு!"

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகள் சிரிக்கவில்லை. "இவங்க சம்பந்தமே வேணாம்னு அவர் எழுந்து போயிருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?"

பதில் சொல்வதற்குள் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"சார், கோச்சுக்காதீங்க. நாம பேசி வெச்ச ஆளுக்குத் திடீர்னு காய்ச்சல், வரலை. உங்களுக்குப் போன் மேல போன் போட்டேன், நீங்க எடுக்கலை. நாளைக்கு வெச்சுக்கலாமா?"

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப... இவரு?"

"புதுசா சேர்ந்தவர் சார். உங்க விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது."

மேனேஜர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் தனக்கே திரும்பக் கேட்டது. எழுந்து போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினார்.

அதற்குள் பரிமாறியவரே வந்துவிட்டார். பின்னால் ஈரச் சட்டையோடு பையன், யார் கண்ணையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பரிமாறுகிறவர் அப்பாவின் தோளை மெல்லத் தொட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"தம்பி எல்லாம் சொன்னாருங்க. உங்களுக்கு வேலை போயிடுச்சாமே? அந்த வேதனையிலதான் வாய் தவறிப் பேசிட்டாரு, மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொன்னாரு. எங்க கம்பெனியை மூடினப்ப நானும் வீட்டுல இப்படித்தாங்க எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்தேன்."

அப்பா பையனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கவலைப்படாதீங்க ஐயா. இங்கே இன்னொரு ஆள் தேவைப்படுதாம். மேனேஜர்கிட்ட உங்களுக்காக நான் பேசறேன்."