கல்யாண மோடு

ஞானசுந்தரி பெண் பார்க்க வந்திருந்தார். பெண் இரண்டு மானிட்டர்களில் இரண்டு நிறத்தில் இருந்தாள்.

இடது பக்கம் அட்டைக் கறுப்பு. வலது பக்கம் சந்தனம். ஒரே படம், ஒரே பட்டுப்புடவை, ஒரே சிரிப்பு.

“இன்னாப்பா ஆஸ்டின் இது? இந்தப் பக்கம் டிகாஷனு, அந்தப் பக்கம் பாலா?”

“இடது பக்கம் பழைய மானிட்டரு, அக்கா. வலது பக்கத்தப் பாருங்க, அதான் கரெக்டு,” என்றார் ஸ்டுடியோ முதலாளி ஆஸ்டின்.

ஃபோனில் வரும் படத்தைத் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இப்போது எவரும் நம்புவதில்லை. எடுத்த ஸ்டுடியோவுக்கே போய், “ஒரிஜினலக் காட்டு” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பெண் வீட்டுக்குப் போய்க் கேசரியைத் தின்றுவிட்டு வேண்டாம் என்பதைவிட இது மரியாதையாம். பெண்ணின் மார்க் ஷீட்டுக்கு ஒரிஜினல் கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை.

“நல்ல குடும்பம்க்கா. பாக்கியவதி பி.எஸ்சி., அந்த வீட்ல மொத டிகிரி. அப்பா ஏசுபாதம் ஃபோனக் கையில வெச்சுகினு குந்தினு கீறாரு. நீங்க சரின்னா ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் பேசிடலாம். ஏற்கெனவே மூணு எடம் தட்டிப் போச்சு, பாவம்.”

கம்ப்யூட்டர் முன்னால் வேலையாக இருந்த ஸ்டுடியோப் பெண் நாற்காலியைத் திருப்பவில்லை. கண்ணில் கண்ணாடி, முகத்தில் மாஸ்க். சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றடிக்கும் நாளில், தூசிக்குப் பயந்து ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

“வலது பக்கம் கல்யாண மோடு ஆன்ட்டி,” என்றாள். “பொண்ணு வீட்டுக்காரங்க வந்து கெஞ்சினா, அண்ணா அதுல வெளிச்சத்த ஏத்தி, மஞ்சள எறக்கி வெச்சிடுவாரு. ஃபைலத் தொடமாட்டாரு. தொட்டா பாவம். இந்தப் பொண்ணோட அப்பாவும் வந்து கெஞ்சிட்டுதான் போனாரு.”

“கண்ணு, நீ போய் டீ வாங்கினு வா,” என்றார் ஆஸ்டின்.

“அப்புறம் போறேண்ணா.”

ஞானசுந்தரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏமாற்று வேலையைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே ஊரிகத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர் அவர். “அப்ப எதுதாம்மா நெஜம்?”

“ரெண்டும் இல்ல. இடது பக்கம் பழசாகி இருட்டடிச்சுப் போச்சு. இருங்க, அளந்துடலாம்.”

ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பையிலிருந்து மவுஸ் மாதிரி ஒன்றை எடுத்து வலது மானிட்டரின் நெற்றியில் தொங்கவிட்டாள். அதன் அடியில் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒவ்வொன்றாக வந்து போயின.

“இன்னாது, மானிட்டருக்கு ஈசிஜியா?”

“அந்த மாரிதான். எந்தக் கலர்ல எவ்ளோ பொய் சொல்லுதுன்னு கண்டுபுடிக்கும். அப்புறம் ரெண்டயும் ஒரே அளவுக்குக் கொண்டாந்துடும்.”

இரண்டையும் அளந்து முடிக்கும்வரை ஞானசுந்தரி மகன் புராணம் பாடினார். ஷெர்வினுக்குப் பெங்களூரில் வேலை. தினம் ரயில். அந்த வெயிலிலும் ரோஜாப்பூ நிறம். “அவன் பக்கத்துல நிக்க ஒரு பொருத்தம் வேணாமா?” ஆஸ்டின் இருமினார். இருமி முடித்துவிட்டு மறுபடியும் இருமினார்.

ஜன்னல் திரை விலகியது. படம் வந்தது. இரண்டு மானிட்டரிலும் ஒரே பெண், ஒரே நிறம். டிகாஷன் இல்லை, பாலும் இல்லை. சாதாரணக் கறுப்பு.

மாஸ்க் போட்ட பெண் தன் கையைத் திரையில் இருந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அட, உன் கையும் அவ மூஞ்சியும் ஒட்டி வெச்ச மாரி ஒரே கலரு!” என்றார் ஞானசுந்தரி.

“அப்ப செட்டிங் சரியா வந்திருக்குன்னு அர்த்தம்.”

“பட்டு பட்டுன்னு உண்மையப் பேசுற. உன்ன மாரி ஒருத்தி கெடச்சா கண்ண மூடிகினு கட்டி வெச்சிடுவேன். இவள இன்னா பண்றது? கறுப்பால்ல கீறா?”

“பையன் படம் இருந்தா குடுங்க ஆன்ட்டி. பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்.”

ஞானசுந்தரி பெருமையாக ஃபோனை நீட்டினார். வலது மானிட்டரில் ஷெர்வின் வந்தான். முகம் ரோஜாப்பூதான். ரோஜாப்பூ காதோடு முடிந்துபோயிருந்தது. கழுத்தும், பைக்கைப் பிடித்திருந்த கைகளும் டிகாஷன். கன்னத்தை ஒல்லியாக்கிய ஆப், அதை ஒட்டியிருந்த சர்ச் தூணையும் உள்பக்கமாக வளைத்திருந்தது.

“இன்னாம்மா உன் மானிட்டரு, அவன் கைய இப்பிடிக் காட்டுது?”

“உங்க முன்னாடிதான ஆன்ட்டி அளந்தேன்?”

ஞானசுந்தரி அந்தத் தூணை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“செரி, கலரு இன்னா பெரிய கலரு. நேர்லயே பாத்து முடிவு பண்ணிடலாம். ஆஸ்டின், அந்த ஏசுபாதத்துக்கு ஃபோனப் போடு. பொண்ண இட்டுனு வரச் சொல்லு.”

ஆஸ்டின் ஃபோனை எடுக்கவில்லை. டீ வாங்க அவரே கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பினாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மாஸ்க்கை இறக்கினாள். இடது மானிட்டரில் இருந்த அதே முகம், அதே நிறம். சிரிப்பு மட்டும் இல்லை.

“பொண்ணோட ஒரிஜினல் இதான் ஆன்ட்டி. பையனோட ஒரிஜினல இட்டுனு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்.”