வளைவுக்கு நாற்பத்தாறு பல்

வரிச்சிக்குடியில், அறுத்த வயலில் போட்ட குறுகிய மண்தடம். நேர்த்தடத்தில் சீறும் தன் மோட்டார் சைக்கிள் வளைவு தாண்டியதும் ஏன் திணறுகிறது என்று பத்தொன்பது வயது கிறிஸ்டிக்குப் பிடிபடவில்லை. அடுத்தது கடைசிப் பந்தயம். தோற்றால் வண்டி அண்ணன் ஜெனிஷுக்கு. "இப்பவே சாவியக் குடுத்துடு, மிச்சப் பெட்ரோலாவது எனக்கு ஆவும்," என்று சிரிக்கிறான். அவள் குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்தைச் சுற்றுகிறாள்; வெயிலில் செயின் மினுங்கி ஓடுகிறது. வேகம் குறையும் வளைவில் எஞ்சினுக்கு இழுவை போதவில்லை என்று இப்போது பிடிபடுகிறது. பின்னாலிருக்கும் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டுகிறாள். "டாப் ஸ்பீடு போயிடும்டி, லூசு!" என்கிறான் ஜெனிஷ். "அந்த ஸ்பீட எட்டுறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடுதே. தள்ளி நில்லு." ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறாள். புழுதி அவன் சட்டையில் படிகிறது, வண்டி திணறவில்லை. நாற்பத்திரண்டு பல்லுக்குப் பதில் நாற்பத்தாறு, இழுவைக்கு. அதே செயின் எட்டுவதற்காகப் பின்சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ளியிருக்கிறாள்; அதனால் குட்டையான வண்டி வளைவில் சட்டென்று திரும்பவும் செய்கிறது.