கழுத்தை ஒடிக்கப்போகிறாராம்

சுகவனத்தின் கழுத்தை வில்லன் தேவசகாயம் இன்று நிஜமாகவே ஒடிக்கப்போகிறார் என்று ஒப்பனை அறையில் யாரோ கிளப்பிவிட்டார்கள். போன வாரம் அவருடைய தோசையை இவன் தின்றுவிட்டதுதான் காரணமாம். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து மோதவிடும் மல்யுத்தக் கம்பெனி அது. அங்கே கதை எழுதும் நாகலிங்கத்துக்கு வதந்தி என்றால் அல்வா. மைக்கைப் பிடித்து, "இன்னைக்கு எலும்பு முறியும்!" என்று அரங்கத்துக்கே அறிவித்துவிட்டார். எது கதை, எது பகை என்று சுகவனத்துக்கே விளங்கவில்லை.

மேடையில் தேவசகாயம் அவனைத் தலைகீழாகத் தூக்கியபோது அவன் உடம்பு உலக்கையாய் விறைத்திருந்தது. விறைத்த உடம்பை எறிந்தால் கழுத்து போய்விடும்.

"உடம்பைத் தளத்துடா தம்பி," என்று முணுமுணுத்தார்.

"மாட்டேண்ணே. கொன்னுருவீங்க."

"எவன் சொன்னான்?"

"எல்லாருந்தான்!"

"ஒடி, ஒடி!" என்று கூட்டம் கத்தியது. அன்று ஜெயிக்கவேண்டியவர் தேவசகாயம். ஆனால் அவனை நெஞ்சோடு அணைத்து, தன் முதுகு மேடைப் பலகையில் படும்படி மல்லாந்து விழுந்தார். பலகை அதிர்ந்தது. மேலே கிடந்தவன் சுகவனம். நடுவர் வேறு வழியில்லாமல் மூன்று எண்ணி, அவனே ஜெயித்ததாக அறிவித்தார்.

உள்ளே சுகவனம் அவர் முதுகுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுப்பதற்குள், வெளியே அடுத்த வதந்தி கிளம்பிவிட்டது: "தேவசகாயத்துக்குக் கை நடுங்கிருச்சாம்ல!"

உண்மையைச் சொல்ல அவன் விருட்டென்று எழுந்தான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உக்காருடா. நாகலிங்கம் காதுல விழட்டும். அந்த மனுசனுக்கு அடுத்த வாரத்துக்குக் கதை வேணாமா?"

அந்தப் பிடியில் நடுக்கம் என்பதே இல்லை.