கொதித்தாறின தண்ணி

“பிள்ளைக்கு என்ன தண்ணியக்கா குடுக்கிறனீங்கள்?”

ஒன்பது வயது வினோஜாவுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோய்க்கொண்டிருந்தது. அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவோடு, கனடா மொன்றியலின் அந்தப் பழைய வீட்டுக்கு வந்திருந்தாள் சுகாதாரத் தாதி சிவாஜினி.

தாய் சீதேவிக்குக் கோபம் வந்தது. “பச்சைத் தண்ணி ஒரு மிடறும் குடுக்கிறேல்லை. அகதி முகாமில வயித்தோட்டம் வந்து என்ர மூத்தவன் செத்தவன். அண்டையில இருந்து எங்கட வீட்டில கொதிச்சாறின தண்ணிதான்.”

“நகரசபையில இருந்து குழாயைப் பற்றிக் கடிதம் வந்ததே?”

“ஓம், போன வருசம். பிரெஞ்சு ஆருக்கு விளங்கும்? தண்ணி சரியில்லையாமெண்டு மேல்வீட்டுக்காரர் சொல்லிச்சினம். அதுக்குப் பிறகு பானை அரைவாசியா வத்துமட்டும் கொதிக்க விடுறனான்.”

சிவாஜினி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அக்கா, இது ஈயக் குழாய். பிள்ளையின்ர இரத்தத்திலயும் ஈயம்தான், மறதியும் அதாலதான். கொதிச்சாக் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்.”

“இனி நிப்பாட்டினால் பிள்ளை பழையபடி வருவாளோ?”

சிவாஜினி பரிசோதனைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கச் சீதேவிக்குக் கை வரவில்லை.

“மூத்தவனுக்கு நான் கொதிக்க வைக்காமல் குடுத்தனான்” என்றாள்.