எதிர்ப்பக்கம்

ஹோம் தியேட்டர் சுவர்களில் பொருத்தும் மரச்சட்டங்களுக்குத் துணி போர்த்துவது இருவர் வேலை. ஒருவன் எதிர்ப்பக்கம் நின்று துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மற்றவன் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். இவ்வளவு நாளும் இழுத்துப் பிடித்த வனமாமலை, வேலை பிடிக்காமல் நாங்குநேரிக்கே திரும்பிப் போய்விட்டான். ஒரகடத்து ஷெட்டில் அருள்பாண்டி தனியாக நின்றான்.

பழக்கதோஷத்தில் "இழுல" என்றான். எதிர்ப்பக்கம் துணி விறைத்தது. அவன் அடித்தான். அடுத்த சட்டத்துக்கும் அப்படியே.

மாலையில் சூப்பர்வைசர் எல்லப்பன் துணியைத் தடவிப் பார்த்தார். "ஒரு சுருக்கம்கூட இல்லியே. எதிர்ல யாரு புட்ச்சிகினு இருந்தது?"

"யாருமில்லண்ணே."

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருவரும் தங்கியிருந்த அறையில் வனமாமலையின் பாய் சுருட்டியபடியே கிடந்தது. அருள்பாண்டி அவனுக்குப் போன் போட்டான்.

"என்னல செய்யுத?"

"சும்மாதான் கெடக்கேன். ஆனா வெரல் நுனி வலி மட்டும் ஆற மாட்டேங்கு. இன்னைக்கு ரத்தம் கட்டிப்போச்சுல."

சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அருள்பாண்டி போனை வைத்தான்.

மறுநாள் காலை சட்டத்தின் மேல் துணியை விரித்தான். வாயே திறக்கவில்லை. துணி விறைத்தது.

ஸ்டேப்ளரைக் கீழே வைத்தான். "போதும், விட்டுருல. கை வலிக்கும்."

துணி தளரவில்லை. அருள்பாண்டியும் தன் பக்கத்து ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.