ஊரின் ஒரே போலீஸ்காரன்

வெர்னா எழுந்து நின்றதும் கூட்டம் முன்கூட்டியே கைதட்டியது.

டன்வெல் தீயணைப்பு நிலையத்தின் வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம். பாதி ஊர் வந்திருந்தது.

ஊருக்கென்று தனிப் போலீஸ் இனி கட்டுப்படியாகாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹார்பர்க் ஊரின் போலீஸையே இரண்டு ஊருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று நகராட்சியில் ஒரு யோசனை. அதற்கு ஊர் என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் கூட்டம்.

பேசியவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

"எங்கப்பா நெனப்புத் தப்பி சோளக்காட்டுக்குள்ள போயிட்டாரு. கர்ட்தான் தேடிக் கூட்டிட்டு வந்தான். ஹார்பர்க்காரனா இருந்தா பேரென்ன, அட்ரஸ் என்னன்னு கேட்டுட்டு நின்னிருப்பான்" என்றார் பெட்ரோல் பங்க் ஆர்லன்.

கர்ட் சீருடையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றிருந்தான். புகழ்ச்சி தாங்காமல் முகம் சிவந்திருந்தது. அவன் டன்வெல்லின் ஒரே போலீஸ்காரன். வெர்னாவின் ஒரே பிள்ளை.

"நீங்க என்ன சொல்வீங்கன்னு எங்களுக்கே தெரியும் வெர்னா. சீக்கிரம் முடிச்சா காப்பி ஆறாது" என்றார் மேயர். எல்லோரும் சிரித்தார்கள்.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பின்னிருக்கைக் கூச்சலை ஒரே அதட்டலில் அடக்கிய தொண்டை அவளுடையது.

"ஹார்பர்க் போலீஸே வரட்டும்" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"என்னம்மா வெர்னா, உளர்றியா? உம் மகனுக்கு வேலை போயிடும்!" என்றார் ஆர்லன்.

"தெரியும்."

மேயர் காரணம் கேட்டார். செலவு குறையும், எப்போதும் இரண்டு பேர் ரோந்தில் இருப்பார்கள் என்றெல்லாம் காரில் வரும்போது யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மைக் காரணத்தை வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

கதவைப் பார்த்தாள். கர்ட்டும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அவளை அளந்தன.

"எனக்கு அப்படித் தோணுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

கை தூக்கச் சொன்னார்கள். ஹார்பர்க் போலீஸுக்கு ஆதரவாக உயர்ந்தது ஒரு கைதான். யோசனையை அங்கேயே கைவிட்டார்கள். ஆண்கள் கர்ட்டின் முதுகில் தட்டினார்கள். யாரோ அவனுக்கு இனிப்புத் துண்டு ஒன்றை ஊட்டியே விட்டார்கள்.

கலைகிற கூட்டத்தில் அவன் அவளருகே வந்து குனிந்தான்.

"ஜோலீன் உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அவ ஒண்ணும் சொல்லலை."

அவன் தலையாட்டினான். தொப்பியை மாட்டிக்கொண்டு யாரிடமும் விடைபெறாமல் வெளியே போனான்.

வெர்னா கோட்டைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடி, காரைக் கிளப்பினாள். நாற்சந்தியில் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், அவனுடைய போலீஸ் வண்டியை ஒட்டியே அவன் வீட்டை நோக்கி ஓட்டினாள்.

போன ஞாயிறு அங்கே மருமகளோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ஜோலீனின் சட்டைக்கை மேலேறியது. கை முழங்கை வரை கன்றிப்போயிருந்தது. இன்னொரு முறை அவன் கை ஓங்கினால் உடனே போலீஸைக் கூப்பிடு என்று வெர்னா அவளிடம் சொன்னாள்.

ஜோலீன் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"கூப்பிட்டா யாரு அத்தை வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.